யூகம் அல்ல, கருதுகோள்

போன மாதம் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் அறிவியல் படைப்புகளைப் பார்க்கப் போயிருந்தேன். படிவம் நான்கு மாணவி ஒருத்தி தனி ஊசல், அதாவது கயிற்றில் தொங்கி ஆடும் குண்டு, வைத்திருந்தாள். அட்டையில் தமிழில் எழுதியிருந்தது: ‘யூகம்: கயிற்றின் நீளம் கூடினால் அலைவு நேரம் கூடும்.’ அடுத்த மேசையிலும் யூகம். அதற்கடுத்த மேசையிலும் யூகம். ஒரே ஆள் எல்லாருக்கும் மொழிபெயர்த்துக் கொடுத்திருப்பார் போலிருக்கிறது.

அவர் மொழிபெயர்க்க நினைத்தது ஹைப்போதெசிஸ். அது கிரேக்கச் சொல். ‘கீழே வைத்தது’ என்று பொருள். தமிழில் கருதுகோள். ‘கொள்’ நீண்டு ‘கோள்’ ஆகும், குறிக்கோள், மேற்கோள் போல. இதில் கிரகத்தைத் தேட வேண்டாம்.

சரி, யூகம்? வடமொழி ‘ஊஹ’ ஊகமாகி, வாயில் புரண்டு யூகமானது. (சங்க இலக்கியத்தில் ஊகம் குரங்கையும் குறிக்கும். அது தனிக் கதை.) வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை இருக்கிறது என்பதுதான் என் வழக்கு. அமைச்சரவை மாறுமா என்று பத்திரிகை எழுதுவது யூகம். லாட்டரி விற்கும் நம்பர் கடையில் நாலு எண் எடுப்பவருடையதும் யூகம்; எண் விழாவிட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கருதுகோளுக்கு அந்தச் சலுகை கிடையாது. எதை மாற்றுகிறோம், அதனால் எது மாறும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், சோதனையில் பொய்த்துப்போகவும் வழி விட வேண்டும்.

அதைவிட மோசம், தமிழ்ப்பள்ளி அறிவியலில் ‘ஊகித்தல்’ என்பது வேறொரு திறனின் பெயர். செடி வாடியிருப்பதைப் பார்த்துவிட்டு ‘தண்ணீர் ஊற்றவில்லை போலும்’ என்றால் அது ஊகம், மலாயில் இன்ஃபெரென்ஸ். ‘தண்ணீரின் அளவு குறைந்தால் செடியின் வளர்ச்சி குறையும்’ என்றால்தான் கருதுகோள். தொடக்கப்பள்ளியிலேயே இதைத் தனித்தனியாகப் படித்துவிட்டு வந்த பிள்ளையின் அட்டையில் இரண்டையும் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டியது யார்? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்க வேண்டாம், நான்காம் ஆண்டு அறிவியல் புத்தகத்தையாவது ஒருமுறை புரட்டக் கூடாதா?

‘கருதுவதும் அந்தக் காலத்தில் அனுமானம்தானே’ என்று நண்பர் ஒருவர் மடக்கினார். உண்மைதான். மணிமேகலை அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, வரிசைப்படுத்தும்போது காண்டலை (நேரில் பார்ப்பதை) அடுத்து வைக்கும் கருதல் அனுமானமே. ஆனால் ‘கோள்’ சேர்ந்ததும், இப்படி என்று வைத்துக்கொண்டு பார்ப்போம் என்ற பொருள் வந்துவிடுகிறது. யூகத்தில் அந்தப் ‘பார்ப்போம்’ இல்லை.

ஆக்கச் சிந்தனை, உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். ஒரு பரிசோதனையில் மாணவர் சொந்தமாக யோசிக்கக் கிடைப்பது பெரும்பாலும் கருதுகோள் என்ற இந்த ஒரு வரிதான். அதையும் ‘செமாக்கின்... செமாக்கின்...’ (மலாயில் ‘இது கூடக்கூட அது கூடும்’ என்ற வாய்பாடு) என்று கோடிட்ட இடத்தை நிரப்பப் பழக்கிவிட்டோம்.

அந்த மாணவியிடம் கேட்டேன்: “நீளம் சரிம்மா, குண்டின் எடையை மாற்றிப் பார்த்தாயா?”

“பார்த்தேன் சார். எடை கூடினா நேரம் கூடும்னு நினைச்சேன், மாறவே இல்லை. யூகம் தப்பாப் போச்சு, அதான் அட்டையில போடல.”