ஓடம் வண்டியில் ஏறியபோது

காற்றாலை இறக்கை, பாய்லர் டிரம், டிரான்ஸ்பார்மர் போன்ற பெரிய சாமான்களைச் சாலை வழியாக ஊர் சேர்ப்பது என் பிழைப்பு. அதனாலேயே வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு டொயோட்டா டன்ட்ரா பிக்கப் வண்டி, எண்டெவர் விண்வெளி ஓடத்தைப் பாலத்தின் மேல் இழுத்துக்கொண்டு போகும். "சின்ன வண்டிக்கு என்ன இழுவை பாருங்கள் சார்" என்று கூடவே ஒரு வரியும் இருக்கும்.

இழுவையில் அதிசயம் ஒன்றும் இல்லை. அன்று அந்த வண்டியின் பின்னால் இருந்த மொத்த எடை சுமார் 130 டன்தான். எடையைச் சக்கரங்கள் தாங்கிக்கொண்டால், சமதளத்தில் மெல்ல உருட்டப் பெரிய பலம் வேண்டியதில்லை. தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். முதல் அசைவுக்குத்தான் ஊரே கூடி இழுக்க வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு முட்டுக்கட்டை போடுகிறவர் பாடுதான் பெரும்பாடு.

வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மற்ற இடங்களில் வேறு வண்டியில் போன ஓடம், அந்தப் பாலத்தில் மட்டும் ஏன் வண்டி மாறியது?

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். எண்டெவர் 1992 முதல் 2011 வரை 25 முறை விண்வெளிக்குப் போய் வந்த ஓடம். ஓய்வு கொடுத்த பிறகு 2012 செப்டம்பர் 21 அன்று போயிங் 747 விமானத்தின் முதுகில் ஏறி லாஸ் ஏஞ்சலீஸ் விமான நிலையத்தில் இறங்கியது. அங்கிருந்து அதை வைக்கப்போகும் அருங்காட்சியகமான கலிஃபோர்னியா அறிவியல் மையத்துக்கு 12 மைல், அதாவது சுமார் 19 கிலோமீட்டர். பூமியைச் சுற்றி வர ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்ட ஓடம், இந்தத் தூரத்தைக் கடக்க அக்டோபர் 12 அதிகாலையிலிருந்து 14-ஆம் தேதி மதியம் வரை எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை இரவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது, ஞாயிற்றுக்கிழமைதான் சேர்ந்தது. வேகம் அதிகபட்சம் மணிக்கு 3 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று நம் ஊரில் சொல்லி வைத்தவர்கள், அந்த வண்டி இவ்வளவு மெதுவாகப் போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

நெடுஞ்சாலையில் கொண்டுபோகலாமே என்றால், ஓடத்தின் வால் வண்டியின் மேல் ஏறி நிற்கும்போது தரையிலிருந்து ஐந்து மாடி உயரம். எந்த மேம்பாலத்தின் அடியிலும் நுழையாது. பிரித்து எடுத்துப்போகலாமே என்றால், உடம்பு முழுவதும் 20,000-க்கும் மேற்பட்ட வெப்பத் தடுப்பு ஓடுகள். ஒவ்வொன்றும் அதன் இடத்துக்கென்றே செதுக்கியது. இறக்கையைக் கழற்ற வேண்டுமென்றால் அவற்றையும் பெயர்க்க வேண்டும். கடைசியில் மிஞ்சியது கடைகளும் வீடுகளும் நெருங்கிய ஊர்த் தெரு மட்டுமே. மான்செஸ்டர் பூலவார்ட், கிரென்ஷா பூலவார்ட், மார்ட்டின் லூதர் கிங் பூலவார்ட் என்று வழி போட்டார்கள்.

அந்தத் தெருக்களில் ஓடத்தைச் சுமந்தவை பல சக்கரங்கள் கொண்ட, தானே ஓடும் நான்கு தாங்கிகள். மொத்தம் 160 சக்கரங்கள். ஓட்டுநர் இருக்கை என்று ஒன்று இல்லை. ஓர் ஆள் ரிமோட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு கூடவே நடப்பார். சக்கரங்கள் நண்டுபோலப் பக்கவாட்டிலும் திரும்பும். சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஹைட்ராலிக் ஏறி இறங்கிச் சுமையை மட்டமாக வைத்துக்கொள்ளும். அருமையான வண்டி, ஆனால் அதுவே கனமானது. 405 நெடுஞ்சாலைக்கு மேலே போகும் பாலத்துக்கு அந்தக் கனம் ஒத்துவரவில்லை. பாலத்துக்கு முன்பே நிறுத்தி, ஓடத்தை எடை குறைந்த வேறொரு தாங்கிக்கு மாற்றினார்கள். அந்தத் தாங்கியை இழுக்கத்தான் டன்ட்ரா வந்தது. மாற்றுவதற்குப் பல மணி நேரம் பிடித்தது, பாலத்தைக் கடக்கச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தது. வீடியோவில் அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் தொழில் முழுவதுமே அப்படித்தான். வண்டி நகர்வது கடைசி நாள் காட்சி. வேலையெல்லாம் அதற்கு மாதக்கணக்கில் முன்னால், கையில் அளவுகோலோடு வழியை நடந்து பார்க்கும்போதே நடந்து முடிந்திருக்கும்.

அப்படி நடந்து பார்த்தபோது அவர்கள் கண்டது என்ன? இறக்கையின் விரிவு 24 மீட்டர். தெருவின் அகலம் பல இடங்களில் போதவில்லை. போக்குவரத்து விளக்குகளையும் விளக்குக் கம்பங்களையும் கழற்ற வேண்டியிருந்தது. தரைக்கு அடியில் ஓடும் குழாய்கள் நொறுங்காமல் இருக்கச் சாலையில் இரும்புத் தகடுகளை விரித்தார்கள். இங்கிள்வுட் பகுதியில் மின்கம்பிகளைத் தற்காலிகமாகத் துண்டித்ததில் சில நூறு வீடுகளுக்கு மின்சாரம் நின்றது.

பிறகு மரங்கள். சுமார் 400 மரங்களை வெட்டுவது என்று முடிவானது. நிழல் ஏற்கெனவே குறைவான தெற்கு லாஸ் ஏஞ்சலீஸ் மக்கள் கொதித்துப்போனார்கள். இரண்டு நாள் ஊர்வலத்துக்காக, வளர இருபது முப்பது வருடம் எடுத்த மரங்களை இழக்க வேண்டுமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வெட்டியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கன்று நட்டுப் பராமரிக்க உடன்பாடு வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. மார்ட்டின் லூதர் கிங் நினைவாக அவர் பெயர் கொண்ட சாலையில் நட்டிருந்த பைன் மரங்களைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஓடம் அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து போனது. பயணம் தாமதமானதற்கு மரங்களுக்கிடையே புகுந்ததும் ஒரு காரணம், தாங்கியில் வந்த பழுது இன்னொன்று. முடியாது என்று முதலில் சொல்லும் இடத்தில், யாராவது அழுத்திக் கேட்டால் முடிகிறது. இதை எங்கள் ஆட்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நான் ஒப்புக்கொள்கிறேன். மரத்தை வெட்டுவது மலிவு, வளைந்து போவது செலவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி என் கவலைக்கு வருகிறேன். பெரிய சுமை வந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடத்தான் செய்யும், நானும் நின்று பார்ப்பவன்தான். எண்டெவர் போனபோது குறுகலான இடங்களில் நடைபாதையையே மூடிவிட்டார்கள். இறக்கை நடைபாதைக்கு மேலே நீண்டு போனதுதான் காரணம். நம் பக்கம் அப்படி மூடுவது அரிது, எங்கே நிற்பது என்பது பார்ப்பவரின் பொறுப்பாகிவிடுகிறது.

கயத்தாறு பக்கம் ஒரு முறை காற்றாலை இறக்கை ஒன்றை இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தோம். எல்லாருடைய கண்ணும் முன்னால் திரும்பும் புல்லர், அதாவது இழுக்கும் வண்டி மேல் இருந்தது. கடைசிச் சக்கரத்துக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இறக்கை அந்தரத்தில் நீண்டிருந்தது. முன்பக்கம் இடது பக்கம் போகப் போக, அந்த வால் வலது பக்கம் வீசும். வலது ஓரத்தில் இருந்த டீக்கடையின் தகரக் கூரையை அது வழித்துக்கொண்டு போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் டம்ளரோடு குனிந்ததால் தப்பித்தார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். வளைவில் வெளிப்பக்கம் நிற்பதுதான் பாதுகாப்பு என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வால் வருவது அந்தப் பக்கம்தான்.

இன்னொன்று கம்பி. சுமையின் உச்சியில் ஓர் ஆள் உட்கார்ந்து மூங்கில் கழியால் கம்பிகளைத் தூக்கிவிட்டுக்கொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். கேபிள் டிவி கம்பி என்றால் சரி. உயர் அழுத்த மின்கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். ஈர மூங்கில் காப்பே அல்ல. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தி, நிறுத்தியாயிற்று என்று தகவல் வந்த பிறகுதான் வண்டி நகர வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஓர் ஆள் கழியோடு தெரிந்தால் தூர நில்லுங்கள். வண்டிக்கு முன்னால் வரும் பைலட் வண்டிக்காரரிடம் லைன் நிறுத்தியிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.

தண்ணீர் வழி என்றால் தொல்லை இல்லை என்பதும் கிடையாது. அதே 2012-இல் நியூயார்க்கில் எண்டர்பிரைஸ் என்ற இன்னொரு விண்வெளி ஓடத்தைப் படகில் கொண்டுபோனபோது, காற்று தள்ளியதில் அதன் இறக்கை நுனி ரயில் பாலத்தின் தடுப்புக் கட்டையில் உரசியது. சேதம் சிறியது, ஆனால் அளக்கும்போது காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை அது ஞாபகப்படுத்தியது.

எண்டெவருக்குத் துணையாக, விண்ணுக்குப் போகாத எரிபொருள் தொட்டி ஒன்று 2016 மே மாதம் அதே அருங்காட்சியகத்துக்கு வந்தது. பனாமா கால்வாய் வழியாகப் படகில் வந்து, மரினா டெல் ரேயில் கரையேறி, ஊர்த் தெருக்களில் 16 மைல் ஊர்ந்தது. தொட்டி ஓடத்தைவிட நீளம், ஆனால் அகலம் குறைவு. அந்த முறை ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை.

அடுத்த வாரம் எனக்கு ஒரு வழி பார்க்கும் வேலை இருக்கிறது. மூன்று வருடம் முன்பு இதே வழியில் அளந்த தாள் கையில் இருக்கிறது, ஆனால் அதை நம்பப் போவதில்லை. இடையில் இரண்டு முறை தார் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் சாலை ஓர் அரை அடியாவது ஏறியிருக்கும். கம்பி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.