லீடர் என்றால் தலைவர் அல்ல

“அண்ணை, தலைவர் எத்தனை பவுண்ட் போட்டிருக்கிறியள்?”

கனடாவின் போர்ட் ஹோப்பில், கனராஸ்கா ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். பக்கத்தில் நின்ற தம்பி கேட்ட கேள்வி இது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் போனை நீட்டினார். தக்கை போட்டு ஸ்டீல்ஹெட் என்ற மீனைப் பிடிப்பது பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றை யாரோ, அல்லது எதுவோ, தமிழாக்கியிருந்தது. ‘பிரதான வரி 10 பவுண்டு சோதனை. தலைவர் 6 பவுண்டு சோதனை.’ வரி கட்டி, சோதனை எழுதி, தலைவரையும் தெரிவு செய்த பிறகுதான் மீனைத் தொடலாம் போலிருக்கிறது. மீனையும் விட்டுவைக்கவில்லை. ‘எஃகுத்தலை’யாம்.

இந்தத் தலைவர் என் காதில் விழுவது முதல் தடவை அல்ல. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

லீடர் என்ற சொல்லின் வேர், கூட்டிச்செல்வது என்ற பொருள்தரும் பழைய ஆங்கில வினை. தூண்டில்காரர் வாயில் அது தூண்டில் முள்ளுக்கும் பெரிய தங்கூசிக்கும் (தூண்டில் நூலுக்கும்) நடுவே வருகிற துண்டுத் தங்கூசி. பவுண்ட் என்பது அது அறாமல் தாங்கும் பாரம். நைலான் வருமுன் அந்தத் துண்டைப் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து இழுத்துச் செய்தார்கள். ஸ்பெயினின் முர்சியா அதற்குப் பேர்போன இடம். தங்கூசி என்று நாம் சொல்வதைச் சிங்களத்தில் தங்குஸ் என்பார்கள், மலாயில் தங்சி. வரலாறு இவ்வளவு போதும்.

இனி வேலைக்கு வருவோம். தக்கை, அதன் கீழே ஈயக்குண்டுகள், ஒரு சின்னச் சுழலி, அதிலிருந்து இரண்டடி அளவில் லீடர், நுனியில் முள், முள்ளில் மீன்சினைப் பொட்டலம். ஒன்ராறியோ ஆறுகளில் பெரிய தங்கூசி 8 அல்லது 10 பவுண்ட் என்றால் லீடர் 6 பவுண்ட். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் 4 வரை இறங்கலாம், மழைக்குப் பிறகு கலங்கி ஓடினால் 10க்குக் கீழே 8. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரிய ஆறுகளில் மீனும் பெரிது, நீரோட்டமும் பெரிது. அங்கே 15க்குக் கீழே 10, 12 என்று கட்டுவார்கள். எந்த ஆற்றுக்குப் போனாலும் லீடர்தான் மெலிந்தது. முள் கல்லிடுக்கில் சிக்கினால் அறுவது அந்த இரண்டடி மட்டுமாக இருக்க வேண்டும். தக்கையும் ஈயமும் கைக்குத் திரும்ப வேண்டும். மீனின் கண்ணுக்கும் மெல்லியது நல்லது. புளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் இழையில் லீடர் கட்ட விரும்புவதும் அதனால்தான். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, புளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவு. தண்ணீரின் எண்ணுக்குக் கிட்ட இருந்தால் தண்ணீருக்குள் குறைவாகத் தெரியும். ஆனால் அதையே பெரிய தங்கூசியாகவும் போட்டுவிடாதீர்கள். அடர்த்தி 1.78, தாழ்ந்துவிடும். பெரிய தங்கூசி நீரின் மேலே கிடந்தால்தான் அதைத் தூக்கி மறுபக்கம் போட்டுத் தக்கையை இழுபடாமல் ஓடவிட முடியும்.

சரி, தம்பி என்ன கட்டியிருந்தார்? பெரியது 8, லீடர் 12. “தலைவர் எண்டால் பலமா இருக்கோணும்தானே அண்ணை. நம்பரை மாத்திப் போட்டிட்டாங்கள் எண்டு நினைச்சன்.” ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு தக்கைகள் முழுச் சாமானோடு ஆற்றோடு போய்விட்டன. எண்கள் சரியாகத்தான் இருந்தன. சொல்தான் அவரை ஏமாற்றியது.

தலைவரை யந்திரத்தின் குற்றம் என்று தள்ளிவிடலாம். எனக்கு அதைவிடக் கோபம் லீடருக்கு வைத்த இன்னொரு பெயரான ‘வழிகாட்டி இழை’ மேல். இது யந்திரம் செய்ததல்ல, தமிழ் தெரிந்தவர்கள் யோசித்துச் செய்தது. தூண்டில்தடியில் வரிசையாக வளையங்கள் இருக்கின்றனவே, தங்கூசி ஓடுவதற்கு, அவற்றுக்கு ஆங்கிலத்தில் பெயரே வழிகாட்டிதான். வழிகாட்டி இழையை வழிகாட்டி வளையத்துக்குள்ளால் விடுங்கள் என்று எழுதிப் பாருங்கள். வாசிக்கிறவர் தடியையே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். அப்புறம், அது யாருக்கு வழிகாட்டுகிறது? தக்கையைச் சற்று இழுத்துப் பிடித்தால் இரை முந்திப் போகும், அப்போது லீடர்தானே முன்னால் என்று ஒரு நண்பர் வாதாடினார். உண்மைதான். கையைத் தளர்த்தினால் மேல்நீர் வேகமாக ஓடித் தக்கைதான் முந்தும். கை தளர்ந்தால் பெயரையும் மாற்றுவதா? ‘முன்னிழை’க்கும் இதே பதில்.

‘மெலியிழை’ என்றும் ஒன்று சொன்னார்கள். ஸ்டீல்ஹெட்டுக்குப் பொருந்தும். ஆனால் கடலில் அறுக்குளாவுக்கும் சீலாவுக்கும் போகிறவர் பல்லுக்குப் பயந்து முள்ளுக்கு மேலே கம்பியோ தடித்த தங்கூசியோ கட்டுவார். அதுவும் லீடர்தான். ஒரே சாமான் ஓரிடத்தில் மெலிந்தது, ஓரிடத்தில் தடித்தது. மாறாத ஒன்று, அது முள்ளைத் தாங்கித் தொங்குகிறது. பெயரை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். பிரித்தானியர் சிலர் லீடரை விட்டு, முள்ளோடு சேர்த்துத்தான் பெயர் சொல்கிறார்கள்.

நமக்கோ கடற்கரையிலேயே சொல் கிடக்கிறது. ஒரு நீளக் கயிற்றில் நிறைய முட்களைத் தொங்கவிடும் தூண்டிலுக்கு ஆயிரங்கால் தூண்டில் என்று பெயர். மொழிபெயர்த்தவர் தலையைக் கண்ட இடத்தில் நம் மீனவன் காலைக் கண்டிருக்கிறான். அந்தக் காலை எடுத்து, தூண்டிற்கால் என்றால் என்ன குறை? மேலே ஓடுவது தாய்த் தங்கூசி, கீழே தொங்குவது தூண்டிற்கால். சோதனையும் வேண்டாம், ‘ஆறு பவுண்ட் தாங்கும்’ என்றால் போயிற்று. தூயதமிழ் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. தங்கூசியும் பவுண்டும் என் வாயில் அப்படியே கிடக்கின்றன, ஸ்டீல்ஹெட்டும் ஸ்டீல்ஹெட்டாகவே இருக்கட்டும். சாமானைக் கையால் தொடாமல் சொல்லை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிறார்களே, அதுதான் என் முறைப்பாடு. சமையல் குறிப்பிலும் மருந்துத் தாளிலும் இதே கதை.

தம்பிக்கு நானே புதுத் துண்டு வெட்டி, முடிச்சை எச்சிலில் நனைத்து இறுக்கிக் கொடுத்தேன். நனைக்காமல் இழுத்தால் சூடேறி முடிச்சிலேயே அறும். பெயரையும் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப உங்கட கால் எத்தனை அண்ணை?”

“ஆறு.”

“ஆறேகாலோ?”