பகலெல்லாம் பட்டினி, ராத்திரியில் முறுக்கு டப்பா

மணி பன்னிரண்டரை இருக்கும். உள்ளே வந்த ஆசிரியை கைப்பையை நாற்காலியில் வைத்தார், செருப்பைக் கழற்றினார், நான் ஒரு வார்த்தை கேட்பதற்குள் மூலையில் இருந்த எடை மெஷின்மேல் ஏறி நின்றுவிட்டார். "காலையிலேர்ந்து காபி மட்டும்தான் மேடம். உங்ககிட்ட வரணும்னு ஒண்ணுமே சாப்பிடல" என்றார். பள்ளியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

திருச்சியில் 16 ஆண்டுகளாக உணவியல் நிபுணராக இருக்கிறேன். இப்படி வெறும் வயிற்றோடு வருகிறவர்களைப் பார்க்காத வாரமே இல்லை. எடை அரைக் கிலோவாவது குறைவாகக் காட்ட வேண்டும், நான் திட்டிவிடக் கூடாது. அதுதான் அவர்கள் கவலை. சாப்பாட்டைப் பற்றிப் பேச வரும் இடத்துக்கே பயந்துகொண்டு சாப்பிடாமல் வருகிறார்கள். இந்தப் பயத்தை உண்டாக்கியதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. ஆரம்ப வருடங்களில் நானும் டிக், கிராஸ் போட்ட அட்டவணைகளைக் கொடுத்து அனுப்பியவள்தான். ஒரு கல்லூரி மாணவி மூன்று மாதம் பொய்யாக டிக் போட்டுக்கொண்டு வந்தாள். அது தெரிந்த அன்று அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு அந்த அட்டவணையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஆசிரியைக்கு முதலில் கீழே கடையிலிருந்து மோரும் இரண்டு வாழைப்பழமும் வரவழைத்தேன். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினோம். (அவர் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாம் என்று சம்மதமும் சொல்லியிருக்கிறார்.)

ஐந்து மணிக்கு எழுந்து நான்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறார். எட்டே காலுக்கு பஸ். தனக்கென்று உட்கார்ந்து சாப்பிட நேரம் இல்லை. மதியம் 'டயட்' என்று ஒரு டப்பா வெள்ளரிக்காய், சில நாள் ஒரு சப்பாத்தி. சாயங்காலம் டீ. ராத்திரி எல்லோருக்கும் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்று சொல்லிவிடுவாராம்.

"சரி, அப்புறம்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. கண் கலங்கிவிட்டது. பத்தரை மணிக்கு வீடு அடங்கிய பிறகு, சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே சாப்பிடுவாராம். ஆறிப்போன தோசை, குழம்புச் சட்டியில் பிசைந்த மிச்சச் சோறு, அத்தை செய்து வைத்த முறுக்கு, பையனுக்கு வாங்கிய பிஸ்கட் என்று வயிறு வலிக்கும்வரை. டப்பா திறக்கும் சத்தம் கேட்கக் கூடாது என்று மூடியை முந்தானையால் பொத்தித் திறப்பார். மறுநாள் அந்த வெட்கத்திலேயே மறுபடி பட்டினி.

"எனக்கு வாய்க்கட்டுப்பாடே இல்ல மேடம். நாப்பது பிள்ளைங்கள அடக்குறேன், என் நாக்க அடக்கத் தெரியல."

அவரை அதிகம் நோகடித்தது அவர் சாப்பிட்ட முறுக்கு அல்ல, தன்னைப் பற்றி அவரே எழுதிக்கொண்ட இந்தத் தீர்ப்புதான். அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அதே வாக்கியத்தை வேறு வேறு வீடுகளில் எத்தனையோ பேர் இருட்டில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனசாட்சி இடம் தராததால் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி மட்டுமே கொடுத்தார்கள். உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரம் சுமார் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். எடை கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது.

நான் சொல்ல வருவது எடையைப் பற்றி அல்ல. அந்த இளைஞர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப்போனார்கள். சிலர் விதியை மீறித் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் உடைந்துபோனார்கள். ஆய்வு முடிந்து விருப்பம்போல் சாப்பிடலாம் என்று ஆனபோது, வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசி தீரவில்லை என்றார்கள். இவர்களில் யாருக்கும் முன்பு 'வாய்க்கட்டுப்பாடு' பிரச்சினை இருந்ததில்லை. பட்டினிதான் அதைக் கொண்டுவந்தது.

அந்த 1,570 கலோரியை அன்று 'அரைப் பட்டினி' என்றுதான் அழைத்தார்கள். இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் டயட் சார்ட்டுகள் பலவற்றில் 1,200 கலோரி கணக்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு பெண் சமைத்து, பாடம் எடுத்து, பஸ்ஸில் நின்று வீடு வந்து, ராத்திரி பத்தரைக்கு முறுக்கு டப்பாவைத் திறந்தால், உடல் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனுக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. பகலில் கொடுக்காததை அது ராத்திரியில் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

இப்படிக் கட்டுமீறிச் சாப்பிடுவதற்கு மருத்துவத்தில் பெயரும் உண்டு: 'பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்'. குறைந்த நேரத்துக்குள், மற்றவர்கள் சாப்பிடும் அளவைவிட வெகு அதிகமாக, நிறுத்த முடியவில்லை என்ற தவிப்போடு சாப்பிடுவது. அது சராசரியாக வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாவது தொடர்வது. அதனால் மனம் கடுமையாக நோவது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் இது தனி நோயாகவே சேர்க்கப்பட்டது. கல்யாண வீட்டில் ஒரு நாள் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு வருவது இதில் சேராது. தீபாவளி பட்சணமும் சேராது. தயவுசெய்து அதற்கெல்லாம் நோய்ப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆசிரியையிடம் நான் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று. பகலில் சாப்பிடுங்கள். காலை, மதியம், ராத்திரி என மூன்று வேளை, நடுவில் இரண்டு முறை சிறிதாக ஏதாவது. நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு சும்மா இருக்கக் கூடாது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை முறையில் முதல் படியே இப்படி நேரத்துக்குச் சாப்பிடுவதுதான். ஆசிரியைக்கு இதைக் கேட்டதும் கோபமே வந்துவிட்டது. "எடை குறைக்க வந்தா கூடச் சாப்பிடச் சொல்றீங்களே மேடம்!"

எங்கள் பேரம் இப்படி முடிந்தது: காலையில் மூன்று இட்லி, சாம்பாரோடு, தட்டில் வைத்து, உட்கார்ந்து. பதினொரு மணி இடைவேளையில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோ வேர்க்கடலையோ. மதியம் சாதம், பொரியல், முட்டை அல்லது பருப்பு. சாயங்காலம் டீயோடு சுண்டல். ராத்திரி மற்றவர்களோடு சேர்ந்து தோசை. கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சூடாக முதல் சுற்றில் சாப்பிட்டு அவருக்குப் பழக்கமே இல்லை. எல்லோரும் எழுந்த பிறகு, மிஞ்சியதை, வீணாகிவிடக் கூடாதே என்று சாப்பிடுவதுதான் அவர் அம்மாவும் செய்தது, பாட்டியும் செய்தது. நம் வீடுகளில் பெண்கள் பலருக்குச் சாப்பாடு என்பது பாத்திரத்தைக் காலி செய்யும் வேலை. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். உணவோடு உறவைச் சரி செய்வது என்றால் பெரிய தியானமெல்லாம் வேண்டாம், ஒரு தட்டும் ஒரு நாற்காலியும் கிடைத்தாலே பாதி வேலை நடக்கும்.

முறுக்கை நான் நிறுத்தச் சொல்லவில்லை. மாலை நாலரைக்கு, விளக்கு வெளிச்சத்தில், தட்டில் இரண்டு வைத்துச் சாப்பிடச் சொன்னேன். முதல் வாரம் இரண்டு நான்கானது. பயந்துபோய் போன் செய்தார். பரவாயில்லை, தொடருங்கள் என்றேன். ஒரு மாதத்தில் முறுக்கு வெறும் முறுக்காகிவிட்டது. பூட்டி வைத்த பண்டத்துக்குத்தான் அத்தனை வசியம்.

தினமும் நடந்த அந்த ராத்திரிச் சாப்பாடு ஆறு வாரத்தில் வாரம் இரண்டு நாளாகக் குறைந்தது. அந்த இரண்டு நாள் மட்டும் போகவே இல்லை. அங்கேதான் பசிக்குச் சம்பந்தமில்லாத வேறொன்று இருந்தது.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். கலோரி எழுத வேண்டாம். எத்தனை மணி, என்ன சாப்பிட்டேன், எங்கே, அப்போது மனசில் என்ன ஓடியது, அவ்வளவுதான். மனசு என்ற இடத்தில் அவர் வாரக்கணக்காக ஒரே வார்த்தையை எழுதியிருந்தார்: 'ஒரு மாதிரி'. நம் ஊரில் இந்த 'ஒரு மாதிரி' என்ற பொட்டலத்துக்குள் எல்லாவற்றையும் கட்டி வைத்துவிடுகிறோம். கோபமும் அதுதான், ஏக்கமும் அதுதான், அவமானம், அசதி, தனிமை, பயம் எல்லாமே 'ஒரு மாதிரி இருக்கு'. பெயர் வைக்காத உணர்ச்சிக்கு என்ன செய்வது என்று யாருக்குத்தான் தெரியும்? அப்படியிருக்கும்போது கைக்கு எட்டுவது டப்பா. எண்ணெயும் இனிப்பும் கொஞ்ச நேரத்துக்கு மனதை அமர்த்தவும் செய்யும். அழுகிற குழந்தையின் கையில் பிஸ்கட் கொடுத்து வளர்த்த வழக்கம்தானே.

நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். அந்த நாட்களில் பெரும்பாலும் அவருடைய அண்ணனிடமிருந்து போன் வந்திருந்தது. முதலில் "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றார். மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. அப்பா இறந்த பிறகு ஊர் வீட்டுக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பங்கு வேண்டுமா என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வா என்று மட்டும் சொன்னார்கள். "காசு பெரிசில்ல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு, அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோபம்தான் மேடம். இது கோபம்தான்."

அதற்கு மேல் என்னிடம் மருந்து இல்லை. அது உணவியல் நிபுணரின் வேலையும் அல்ல. என்னோடு சேர்ந்து வேலை செய்யும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினேன். எட்டு மாதம் போய்வந்தார். அண்ணனிடம் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. நோட்டில் 'ஒரு மாதிரி' மட்டும் நின்றுபோனது. 'இன்னிக்கு அவமானமா இருந்துச்சு, மொட்டை மாடியில் நடந்தேன்' என்று ஒரு நாள் எழுதியிருந்தார். வேறொரு நாள், 'கோபம். நாலு முறுக்கு சாப்பிட்டேன். மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டேன்.' என்னைக் கேட்டால் இரண்டாவது வரிதான் பெரிய முன்னேற்றம். ஒரு ராத்திரி தவறியதற்குத் தன்னைப் பட்டினி போட்டுத் தண்டிக்கவில்லை, பாருங்கள்.

எடையைப் பற்றிக் கேட்பீர்கள். ஆறு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. சிலருக்குக் குறைவதில்லை. அதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

ஆண்களும் வருகிறார்கள், ஆனால் வேறு காரணம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை என்று. இரவுப் பணி முடிந்து வந்து, போனில் இரண்டு ஆள் பிரியாணி வரவழைத்துத் தனியாகத் தின்றுவிட்டு, மனைவி எழுவதற்குள் பார்சல் டப்பாவைத் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வரும் ஓர் இளைஞர் சொன்னது: "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் என்னை ஃபுடின்னு சொல்றாங்க. எனக்கு அது ருசியாவே இல்ல மேடம்." மறைத்துச் சாப்பிடுவது, ருசி தெரியாமல் சாப்பிடுவது, நிறுத்த முடியாமல் தவிப்பது இந்த மூன்றையும் கேட்டால் நான் ஆண், பெண் பார்ப்பதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசேஷத்தில் பார்த்ததும் "என்ன, இப்படிக் குண்டாயிட்ட?" என்று ஆரம்பிக்காதீர்கள். அக்கறையில்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று ராத்திரி என்ன நடந்தது என்று எனக்கு வரும் நோட்டுகளில் எழுதியிருக்கிறது. பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளை திடீரென்று விரதம், டயட் என்று வேளைகளைத் தள்ள ஆரம்பித்தால், சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்த் தாழிட்டால், திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர்களும், பேதி மாத்திரை போடுபவர்களும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பல்லின் மேல்பூச்சும் அரித்துப்போகும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளையைத் தள்ளினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழும் ஆபத்து உண்டு. உணவு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். யாரிடம் பேசுவது என்றே தெரியவில்லை என்றால் டெலி மானஸ் எண் 14416. மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

உங்கள் ஊரில் எந்த உணவியல் நிபுணரிடம் போனாலும், எத்தனை மணிக்கு நேரம் கொடுத்திருந்தாலும், ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் வரச் சொன்னாலொழிய, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.