'டெடிகேஷன் இல்லை' என்று சொல்வதற்கு முன் டூட்டி லிஸ்ட்டை எடுத்துப் பாருங்கள்

போன வாரம் இன்னொரு ராஜினாமாக் கடிதம். ஐ.சி.யூ.வில் ஆறு வருடம் இருந்த பெண். கொரோனாக் காலத்தில் பி.பி.இ. கிட்டுக்குள் வெந்தவள். "ஏம்மா போற?" என்று கேட்டேன். "சம்பளத்துக்காகக்கூட இல்ல மேடம். எனக்கு மட்டும்தான் மெமோ கொடுத்தாங்க."

டாக்டர் கேஸ் ஷீட்டில் இன்சுலின் அளவைக் கிறுக்கியிருந்தார். படிக்க முடியாமல் போனில் கேட்டுப் போட்டிருக்கிறாள். நோயாளிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். (போன் ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து எழுதிவைத்திருக்க வேண்டும். அது அவள் தப்புதான்.) ஆனால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மெமோ. கிறுக்கியவருக்கு ஒன்றும் இல்லை. இனி அந்த வார்டில் மருந்து மாறிப்போனால் யார் தானாக வந்து சொல்லப்போகிறார்கள்?

மீட்டிங்கில் மட்டும் அதே பல்லவி: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டெடிகேஷன் இல்லை. நர்சிங் ஒரு சேவை." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கூடப் பிறப்பதற்கு அர்ப்பணிப்பு என்ன ரத்த குரூப்பா? சேரும்போது எல்லோரும் கொண்டுதான் வருகிறார்கள். தீபாவளிக்கு வருடா வருடம் ஒரே ஆள் லீவில் போவதையும், ஒரே ஆள் நைட் பார்ப்பதையும் பார்த்துப் பார்த்துத்தான் அது கரைகிறது. 'சேவை' என்ற சொல்லும் சம்பளம், லீவு பற்றிக் கேட்கும்போது மட்டும்தான் வெளியே வரும். பில் போடும்போது வராது.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. 2015-இல் எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள், காலமுறை ஊதியம் வாங்குபவர்களோடு அதே வார்டில் அதே வேலைதான் பார்த்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்ததில் என்ன ஆச்சரியம்? உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2016-இல் பரிந்துரைத்தது. எத்தனை இடத்தில் கொடுக்கிறார்கள் என்று நீங்களே விசாரியுங்கள்.

ஆனால் காசில்லாமல் சரிசெய்யக்கூடியதையும் செய்வதில்லையே, அதுதான் எரிச்சல். கிரீன்பெர்க் என்பவர் அமெரிக்காவில் நான்கு மருத்துவமனைகளில் நர்சுகளை ஆராய்ந்து 2006-இல் எழுதினார். சம்பள முறை மாறி வருமானம் குறைந்தவர்களுக்குத் தூக்கம் கெட்டது. ஆனால் மரியாதையாக நடத்தவும் காரணத்தை விளக்கவும் மேலதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த இடத்தில் அந்தப் பாதிப்பு குறைவு. குறைந்த சம்பளம் குறைந்தபடியேதான் இருந்தது.

இன்சார்ஜ் சிஸ்டர்களே, டூட்டி லிஸ்ட்டை முன்கூட்டியே ஒட்டுங்கள். போன மாதம் யார் எத்தனை நைட் பார்த்தார்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். லீவு மறுத்தால் காரணம் சொல்லுங்கள், "முடியாது, போ" என்பது காரணம் அல்ல. நோயாளியின் உறவினர் முன்னால் திட்டாதீர்கள். தவறு நடந்தால் முதலில் கேளுங்கள். டாக்டரையும் அதே மேஜையில் உட்கார வையுங்கள்.

நிர்வாகிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். போகிறவர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். அந்தப் பெண் அதற்காக மூன்று தடவை எச்.ஆர். அறைக்கு நடந்துவிட்டாள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.