கொலராடோல லீகல், ஆனா உங்க விசாவுக்கு லீகல் இல்ல

இதே கேஸ் திரும்பத் திரும்ப வருதுங்க, அதனாலதான் இதை எழுதுறேன். நான் டல்லாஸ் பக்கம் கிரிமினல் டிஃபென்ஸ் வக்கீல். கடைசியா வந்தது ஒரு ஹெச்1பி வேலை விசா பையன், ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்திச் சொல்றேன். டென்வருக்கு லாங் வீக்கெண்ட் ட்ரிப் போயிட்டு பொண்டாட்டி, ஃபிரெண்ட்ஸோட திரும்பி வர்றப்போ 287 ஹைவேல அமரில்லோ தாண்டி இண்டிகேட்டர் போடாம லேன் மாறினான்னு போலீஸ் நிறுத்தியிருக்காங்க. லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியா இருந்துது. அப்புறம் "வண்டிய ஒரு தடவ பாத்துக்கலாமா"ன்னு சாதாரணமா கேட்டிருக்கார், இவனும் "ஷ்யூர் ஆபீசர்"னு சொல்லிட்டான். டோர் பாக்கெட்ல ஒரு டப்பா கஞ்சா கம்மீஸ், அதாவது கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய். பதறிப்போயி "சார் இது கொலராடோல லீகலா வாங்கினது"ன்னு பர்ஸ்லேர்ந்து பில்லை எடுத்து அவனே நீட்டியிருக்கான். தேதி, நேரம், என்ன வாங்கினான் எல்லாம் அதுல அச்சடிச்சு இருக்கு, இப்போ அது அரசுத் தரப்பு ஆவணம்.

"லீகல்தானே மேடம்?" இந்த ஒரு கேள்விய கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துப் போச்சு. இல்லைங்க. கொலராடோ 2012ல ஓட்டுப் போட்டு மாத்தினது கொலராடோவோட சட்டத்தை மட்டும்தான். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சின்னு எத்தனை ஸ்டேட் மாத்தினாலும் அதே கதைதான், அந்தந்த ஸ்டேட் போலீஸ் உங்கள பிடிக்காதுங்கிறது மட்டும்தான் அதுக்கு அர்த்தம். ஃபெடரல்ல, அதாவது மத்திய அரசு அளவுல, 1970ல ஒரு சட்டம் போட்டு கஞ்சாவ ஹெராயின் இருக்கிற அதே ஷெட்யூல் 1ங்கிற ரொம்பக் கடுமையான பட்டியல்ல வச்சாங்க, நம்ம விசா, கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் எல்லாத்தையும் தீர்மானிக்கிறது ஃபெடரல் சட்டம். கடைக்காரர் ஐடி பாத்து, டாக்ஸ் போட்டு, சிரிச்சுக்கிட்டே பையில போட்டுக் குடுத்தாலும் இமிக்ரேஷன் கண்ணுக்கு நீங்க போதைப்பொருள் வாங்கினவர்தான். கன்விக்ஷன் (குற்றவாளின்னு தீர்ப்பு) கூட வேணாம், "ஆமா அந்தக் குத்தத்தைப் பண்ணேன்"னு ஒரு அதிகாரிகிட்ட முறையா ஒத்துக்கிட்டாலே உள்ள வர்றதுக்குத் தகுதி போயிடலாம். இன்னொரு வாட்ஸ்அப் சட்ட ஆலோசனை, "30 கிராமுக்குக் கீழ இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க". சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு தடவ 30 கிராம் வரைக்கும்னு ஒரு விலக்கு இருக்கிறது நிஜம்தான், ஆனா அது உள்ள இருக்கிறவங்கள நாடு கடத்துறதுக்கு மட்டும். கேஸ் முடிஞ்சுதுன்னு அம்மாவப் பாக்க ஊருக்குப் போயிட்டு ஏர்போர்ட்ல வந்து நின்னா அந்த விலக்கு கூட வராது. 2022ல பைடன் மன்னிப்பு குடுத்தாரேன்னு கேப்பாங்க, அது சிட்டிசனுக்கும் கிரீன் கார்டுக்கும், அதுவும் ஃபெடரல் கேஸுக்கு. ஹெச்1பி, எஃப்1 ஸ்டூடண்ட் விசா அதுல இல்ல.

இப்போ டெக்சாஸுக்கு வருவோம். கொலராடோ கடைல விக்கிற ஒரு டப்பால டிஹெச்சிங்கிற போதை தர்ற பொருள் மொத்தமே 100 மில்லிகிராம் வரைக்கும்தான் இருக்கலாம், அதாவது ஒரு கிராம்ல பத்துல ஒரு பங்கு. ஆனா டெக்சாஸ் சட்டம் மருந்தை மட்டும் எடை போடாது, அதோட கலந்திருக்கிற சர்க்கரை, ஜெலட்டின் எல்லாத்தையும் சேத்துப் போடும். 40 கிராம் மிட்டாய்னா 40 கிராம் போதைப்பொருள். 4 கிராம்லேர்ந்து 400 கிராம் வரைக்கும் செகண்ட் டிகிரி ஃபெலனி, அதாவது பெரிய குத்தம், 2 வருஷத்துலேர்ந்து 20 வருஷம். இதே பையன் 40 கிராம் கஞ்சா இலையாவே வச்சிருந்தா மிஸ்டமீனர்ங்கிற சின்ன குத்தம், அதிகபட்சம் 180 நாள். வேப் பேனா இருந்தா ஒரு கிராமுக்குக் கீழ இருந்தாலும் ஃபெலனிதான். இதுல எந்த நியாயமும் எனக்குத் தெரியல, கோர்ட்ல நின்னு இதை ஒவ்வொரு தடவ சொல்றப்பவும் வாய் கூசுது.

இந்த கிராம் கணக்கு புதுசு இல்ல. 1971ல நிக்சன் போதைப்பழக்கம்தான் முதல் எதிரின்னு அறிவிச்சார். 1986ல காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டுது, 5 கிராம் கிராக் (புகைக்கிற கட்டி கொக்கைன்) வித்தாலும் 500 கிராம் பவுடர் கொக்கைன் வித்தாலும் ஒரே 5 வருஷ கட்டாய சிறைங்கிற மாதிரி. ரெண்டும் ஒரே கொக்கைன்தான். கிராக்ல உள்ள போனவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பினத்தவங்க. இதை சரி பண்ண 2010 வரைக்கும் ஆச்சு, அப்பவும் 100க்கு 1ங்கிறதை 18க்கு 1ன்னுதான் குறைச்சாங்க, சமமாக்கல. 1970கள் தொடக்கத்துல ஸ்டேட், ஃபெடரல் சிறைகள்ல 2 லட்சம் பேர் போல இருந்தாங்க, 2009ல அது 16 லட்சத்தைத் தாண்டுச்சு. இத்தனை பேரை உள்ள தள்ளியும் போதை குறையல, 2021ல மட்டும் ஓவர்டோஸ்ல ஒரு லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. அப்புறம் எதுக்குங்க இந்த பாலிசி?

நம்மாளுங்ககிட்ட எனக்கு இருக்கிற வருத்தம் வேற. "அதெல்லாம் கறுப்பர்களுக்குத்தான் மேடம் நடக்கும், நாம படிச்சவங்க"ன்னு என் ஆபீஸ்லயே உக்காந்து சொல்றாங்க. கஞ்சா புகைக்கிறதுல கறுப்பர், வெள்ளையர் ரெண்டு இனத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா கறுப்பினத்தவங்க கைதாகிறது மூணரை மடங்குக்கும் மேலன்னு ஏசிஎல்யூங்கிற சிவில் உரிமை அமைப்பு கணக்கெடுத்துச் சொல்லியிருக்கு. இன்னொருத்தருக்கு நடக்குதுங்கிறதால அது நமக்கு சம்மதம் ஆயிடுமா? நமக்கும் நடக்கும். 2015ல அலபாமால பேரனைப் பாத்துக்க வந்த 57 வயசு குஜராத்தி தாத்தா, மகன் வீட்டு தெருவுல நடந்துக்கிட்டு இருந்தார். கறுப்பின ஆள் ஒருத்தர் சந்தேகப்படுற மாதிரி நடமாடுறார்னு யாரோ போன் பண்ண, வந்த போலீஸ் அவரை தரையில தூக்கி அடிச்சு முதுகெலும்புல ஆபரேஷன் பண்ற நிலைமை ஆயிடுச்சு. இங்கிலீஷ் தெரியாதுன்னு அவர் சொல்லிப் பாத்தார். கேஸ்ல ஜூரி ரெண்டு தடவையும் முடிவுக்கு வரல, கடைசில நீதிபதி அந்த போலீஸ்காரரை விடுவிச்சுட்டார்.

ரோட்டுல நிறுத்துறது பத்தி. சின்ன டிராஃபிக் தப்பு நடந்திருந்தா போதும், உள்ளுக்குள்ள வேற நோக்கம் இருந்தாலும் நிறுத்தினது செல்லும்னு 1996லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சோதனைக்கு சம்மதம் கேக்கிறப்போ "மறுக்க உனக்கு உரிமை இருக்கு"ன்னு போலீஸ் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, அது 1973 தீர்ப்பு. தெரியாதவன் தலையாட்டுவான், அதை நம்பித்தான் இந்த முறையே ஓடுது. நம்ம வளர்ப்புல போலீஸ்கிட்ட மறுத்துப் பேசுறது தப்பு, அதனால நம்மாளுங்க எல்லாருக்கும் முன்னாடி தலையாட்டுறாங்க.

அதனால தயவுசெஞ்சு மனப்பாடம் பண்ணி வைங்க. கை ரெண்டும் ஸ்டியரிங் மேல தெரியிற மாதிரி. லைசன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் குடுங்க, ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு) பிரிண்ட் எப்பவும் கூட இருக்கட்டும். வண்டிய பாக்கலாமான்னா "ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்", அவ்வளவுதான், குரல் உயர்த்த வேணாம். அப்பவும் தேடினாங்கன்னா கையால தடுக்காதீங்க, நீங்க சம்மதிக்கலங்கிறது கேமரால பதிவானா போதும், மிச்சத்தை கோர்ட்ல பாத்துக்கலாம். "ஆம் ஐ ஃப்ரீ டு கோ"ன்னு கேளுங்க. எங்கேர்ந்து வர்றீங்க, எதுக்குப் போனீங்கன்னு பேச்சுக் குடுத்தா பதில் சொல்லணும்னு அவசியம் இல்ல, பொய் மட்டும் சொல்லவே சொல்லாதீங்க. கைது பண்ணா சும்மா வாய மூடிக்கிட்டு இருந்தா பத்தாது, பேச மாட்டேன், வக்கீல் வேணும்னு வாயத் தொறந்து தெளிவா சொல்லணும். ஊர்லேர்ந்து வர்ற அப்பா அம்மாவுக்கு உங்க வீட்டு அட்ரஸும் போன் நம்பரும் எழுதி சட்டைப் பையில வைங்க, போலீஸ் கூப்பிட்டா நில்லுங்க, பையில கை விடாதீங்கன்னு நிதானமா சொல்லிக் குடுங்க.

அடுத்தது பிளீ, அதாவது குத்தத்தை ஒத்துக்கிறது. இங்க ட்ரையலே ரொம்ப அபூர்வம், ஃபெடரல் கன்விக்ஷன்ல 97 சதவீதமும் ஸ்டேட்ல 94 சதவீதமும் பேரம் பேசி ஒத்துக்கிட்டு முடியிறதுன்னு 2012ல சுப்ரீம் கோர்ட்டே எழுதியிருக்கு. 20 வருஷம்னு பயமுறுத்தி ஒரு பேப்பரை நீட்டினா யாருக்குத்தான் கை நடுங்காது. டெக்சாஸ்ல டெஃபர்டு அட்ஜூடிகேஷன்னு ஒண்ணு குடுப்பாங்க, குத்தத்தை ஒத்துக்கிட்டு புரொபேஷன்ங்கிற கண்காணிப்புக் காலத்தை முடிச்சா கேஸ் தள்ளுபடி, கன்விக்ஷன் இல்லன்னு. ஸ்டேட்டுக்கு இல்லதான். இமிக்ரேஷன் சட்டத்துல ஒத்துக்கிட்டதும் புரொபேஷனும் சேந்தாலே அது கன்விக்ஷன். சில வக்கீல்களே இதை கவனிக்காம கையெழுத்து வாங்கிடுறாங்க. இதனால நாடு கடத்துவாங்களான்னு உங்களுக்குச் சொல்றது கிரிமினல் வக்கீலோட கடமைன்னு 2010ல பதில்லா கேஸ்ல தீர்ப்பு ஆயிருக்கு, அந்த ஆள் 40 வருஷமா கிரீன் கார்டுல இருந்த வியட்நாம் போர் வீரர். அதனால கேளுங்க, பதிலை இமெயில்ல வாங்குங்க, தனியா ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்டயும் காட்டுங்க.

ஸ்டூடண்ட் பசங்களுக்கு ஒண்ணு. பார்ட்டில யாரோ குடுக்கிற மாத்திரையில ஃபென்டனில்ங்கிற உயிரை எடுக்கிற போதை மருந்து இருக்கலாம், பாத்தா தெரியாது. யாராவது மயங்கி மூச்சு சரியா விடலன்னா விசா, போலீஸ் எதையும் யோசிக்காம மொதல்ல 911 அடிங்க. ஓவர்டோஸை முறிக்கிற நார்கான் ஸ்ப்ரே 2023லேர்ந்து பிரிஸ்கிரிப்ஷன் இல்லாமயே பார்மசில கிடைக்குது, ரூம்ல ஒண்ணு வாங்கி வைங்கப்பா.