மெஷினில் 400, வீட்டு பிளக்கில் 16

என் சித்தப்பா மகன் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறான். போன மாதம் ஒரு கடையில் நின்றுகொண்டு போன் செய்தான்.

"ஏண்ணா, 200னு போட்ட வெல்டிங் மெஷின் ஒண்ணு இருக்குது, 400னு போட்டது ஒண்ணு இருக்குது. விலை பெருசா வித்தியாசமில்ல. பெருசையே தூக்கிட்டு வந்துடட்டுமா?"

"என்னத்தடா பத்த வைக்கப் போற?"

ஆட்டுக் கொட்டகைக்கு ஒரு கதவு, தக்காளிப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி, முடிந்தால் டிராக்டர் கலப்பையின் உடைந்த கொழு. அவ்வளவுதான் பட்டியல். கதவுக்கு எடுத்து வைத்திருந்தது 16 கேஜ் ஸ்கொயர் பைப், அதாவது 1.6 மி.மீ. கனம். இதற்கு 400 ஆம்பியர் எதற்கு? கடையிலேயே நிற்க வைத்து ஒரு மணி நேரம் பேச முடியாது என்பதால் "எதையும் வாங்காம வீட்டுக்கு வா" என்றேன். அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெல்டிங் ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் காற்று இடைவெளியில் மின்சாரம் பாயும்போது, அந்த இடத்துக் காற்றும் வாயுக்களும் ஐந்தாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகின்றன. அதுதான் ஆர்க், மின்வில். அந்த வில்லை அணையாமல் வைத்திருக்க 20 முதல் 30 வோல்ட் போதும். ஆனால் ஆம்பியர் மட்டும் நிறைய வேண்டும். வீட்டில் வருவது இதற்கு நேர் தலைகீழ்: 230 வோல்ட், கொஞ்சம் ஆம்பியர். வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டித் தருவதுதான் வெல்டிங் மெஷினின் வேலை. மெஷின் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை, ரூபாய் நோட்டைச் சில்லறையாக மாற்றுவதுபோல மாற்றித் தருகிறது. நோட்டு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் சில்லறை, அதிலும் கொஞ்சம் கமிஷன் போகும்.

அந்தக் கணக்கை அவனுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ராடு வெல்டிங்கில் வில்லின் வோல்ட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: 20 உடன் ஆம்பியரின் 0.04 பங்கைக் கூட்ட வேண்டும். 90 ஆம்பியரில் ஓட்டினால் 23.6 வோல்ட். பெருக்கினால் சுமார் 2,100 வாட். மெஷினுக்குள் சூடாக வீணாவதையும் சேர்த்தால் வீட்டு வயரிலிருந்து 2,500 வாட் இழுக்கும். 230 ஆல் வகுத்தால் 11 ஆம்பியர். ஆனால் சாதாரண இன்வெர்ட்டர் மெஷின்கள் (எடை குறைந்த புது வகை வெல்டிங் மெஷின்கள், வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல) மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை, அலையின் உச்சியில் மட்டும் மடக் மடக்கென்று விழுங்கும். அதனால் வயர் உண்மையில் சுமப்பது 15 ஆம்பியர் பக்கம் வந்துவிடும். வீட்டிலிருக்கும் பெரிய பிளக் எவ்வளவு? 16.

இதே கணக்கை 200 ஆம்பியருக்குப் போட்டால் நல்ல மெஷினிலேயே 29, சாதாரண மெஷினில் 40 ஆம்பியர் வரை போகும். 400க்கு நான் போட்டே காட்டவில்லை. அவனே புரிந்துகொண்டு, "அப்ப பெட்டில இருக்கற நம்பரு சும்மாவா?" என்றான். முழுக்கச் சும்மா இல்லை. ஆனால் வீட்டு பிளக் 16 ஆம்பியர் தரும்போது, மெஷினின் மேல்பாதி நம்பர்கள் உங்களுக்குப் பயன்படப் போவதில்லை. அதோடு, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது சில சமயம் மாடலின் பெயர் மட்டுமே. மெஷினின் பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருப்பதுதான் கணக்கு.

சரி, 90 ஆம்பியரில் என்ன செய்யலாம்? கிட்டத்தட்ட எல்லா வீட்டு வேலையும் செய்யலாம். கடையில் 12 கேஜ் என்று கேட்டால் தருகிற 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வேண்டும். 10 கேஜ், அதாவது 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130. பைப், 3 மி.மீ. ஆங்கிள், 5 மி.மீ. பட்டை வரைக்கும் 12 கேஜ் ராடே போதும். பத்து கேஜ் ராடைத் தினமும் ஓட்டப் போகிறேன் என்றால் மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயரில் தனி லைன் இழுத்து, 32 ஆம்ப் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) போட்டுக்கொள்ள வேண்டும். கிணற்று மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் வருகிறதே என்று அங்கே கொக்கி போடும் ஆசை நம் ஊரில் பலருக்கு உண்டு. அந்த இலவச மின்சாரம் பாசனத்துக்குக் கொடுத்தது, வெல்டிங்குக்கு அல்ல.

இன்னொன்று எக்ஸ்டென்ஷன் வயர். முப்பது மீட்டருக்கு 1 சதுர மி.மீ. வயர் போட்டால், போக வர 60 மீட்டர் செம்பு. அதன் மின்தடை ஒரு ஓமுக்குச் சற்றுக் கூடுதல். 15 ஆம்பியர் ஓடினால் 16 வோல்ட் வயரிலேயே காணாமல் போய், 240 வாட் சூடாக வெளியே வரும். சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகி ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் ஊரில் எல்லா மோட்டாரும் ஓடும்போது 190 வோல்ட் வருகிறது என்று வையுங்கள். மெஷினுக்குப் போய்ச் சேருவது 174. ராடு நுனி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதற்குப் பாதி நேரம் காரணம் கை நடுக்கமல்ல, இதுதான்.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். என் முதல் மெஷின் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். நான் ராடைத் தேய்க்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டில் விளக்கு கண்ணடிக்கும். அந்த வீட்டுப் பாட்டி சீரியல் நேரத்தில் மதில் மேல் எட்டிப் பார்த்துத் திட்டுவார். எட்டு மணிக்குமேல் பத்த வைக்கக் கூடாது என்று எனக்கு அவர் போட்ட சட்டம் ஈ.பி. சட்டத்தைவிடக் கடுமை.

அந்தப் பழைய பெட்டி 50 கிலோவுக்குக் குறையாது. இப்போது அதே வேலையைச் செய்யும் இன்வெர்ட்டர் மெஷினை ஐந்தாறு கிலோவில் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். எடை எங்கே போனது? "பிளாஸ்டிக் பாடிண்ணா, அதான்" என்பது தம்பியின் முடிவு. இல்லை.

கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய தோல் சால், இரண்டு மாடு, மெதுவாகப் போய் மெதுவாக வரும். ஒரு நடைக்கு நிறைய நீரைத் தூக்க வேண்டியிருப்பதால் சாலும் பெரிதாக இருக்க வேண்டும். சங்கிலியில் சின்னச் சின்னக் குவளைகளைக் கோத்து வேகமாகச் சுற்றவிட்டால் அதே அளவு நீர் வந்துவிடும், குவளை உள்ளங்கை அளவில் இருந்தாலும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம்தான் இந்தச் சால். ஈ.பி. மின்சாரம் நொடிக்கு 50 முறை போய் வருகிறது. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் நூறில் ஒரு பங்கு நொடி. அவ்வளவு நேரம் ஒரே பக்கமாக ஏறும் காந்தப் புலத்தைத் தாங்க நிறைய இரும்பு வேண்டும்.

இன்வெர்ட்டர் செய்வது என்ன? வந்த மின்சாரத்தை முதலில் டி.சி.யாக்கி, 325 வோல்ட் பக்கம் சேர்த்து வைக்கிறது. பிறகு ஐ.ஜி.பி.டி. என்ற குறைக்கடத்திச் சுவிட்சுகள் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. சுற்று ஆயிரம் மடங்கு வேகமாகும்போது ஒரு சுற்றில் சுமக்க வேண்டியது ஆயிரத்தில் ஒன்று. இரும்புப் பாறைக்குப் பதில் ஃபெர்ரைட் என்ற காந்தப் பொருளாலான கையடக்க உள்ளகம் போதும். அதன் வழியாக வோல்ட்டைக் குறைத்து, மறுபடி டி.சி.யாக்கி ராடுக்குத் தருகிறது. கூடவே லாபம் ஒன்று: பழைய ஏ.சி. மெஷினில் வில் நொடிக்கு 100 முறை அணைந்து அணைந்து எரியும். இதில் அணைவதில்லை. பழகுகிற கைக்கு இது பெரிய உதவி.

இதன் பலவீனம் தூசி. உள்ளே காற்றை இழுக்கும் விசிறி, பக்கத்தில் கிரைண்டர் ஓடினால் இரும்புப் பொடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் போர்டின்மேல் படியவைக்கும். ஒருநாள் "டப்". கிரைண்டரையும் மெஷினையும் கொட்டகையின் இரண்டு மூலைகளில் வையுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது, மழையைத் தவிர வேறு எதுவும் அதைக் கொல்லாது. ஆனாலும் வீட்டுக்கு என்றால் நான் இன்வெர்ட்டர் பக்கம்தான்.

தகட்டில் இன்னொரு எண் இருக்கும்: டூட்டி சைக்கிள். 200 ஆம்பியரில் 30 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஓட்டலாம், ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும். இதைப் பார்த்துப் பயந்து அதிக விலை மெஷினுக்குப் போகிறவர்கள் உண்டு. மெஷினுக்குள் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு கூடுவதால், ஆம்பியரைக் குறைத்தால் நேரம் தாராளமாகக் கூடும். அதே மெஷின் 110 ஆம்பியர் வரை நிறுத்தாமல் ஓடும். மேலும் ஒரு 12 கேஜ் ராடு ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த ராடை மாட்டுவதற்குள் மெஷின் தானாக ஓய்வெடுத்துவிடுகிறது. ஒன்றே ஒன்று: இந்த எண்ணை 40 டிகிரி வெப்பநிலைக்கு அளக்கிறார்கள். சித்திரை மதியம் தகரக் கொட்டகைக்குள் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வெளியே வேப்ப மரத்தடிக்கு மெஷினைக் கொண்டுவந்தால் அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

ராடின்மேல் பூசியிருக்கும் சாம்பல் நிறப் பூச்சு பலருக்கு வெறும் உறை. உண்மையில் பாதி வித்தை அங்கேதான். உருகிய இரும்பு காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சினால் பொருத்து பொரிபோல நொறுங்கும். 1880களில் ரஷ்யாவில் நிக்கோலாய் பெனார்டோஸ் கரிக்கம்பியால் மின்வில் வெல்டிங்கைத் தொடங்கியபோது இந்தப் பாதுகாப்பு கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஆஸ்கர் ஷெல்பெர்க் பூச்சு ராடைக் கொண்டுவந்த பிறகுதான் பொருத்து நம்பகமானது. பூச்சு எரிந்து வாயுக் குடை பிடிக்கிறது, மிச்சம் கசடாக உருகி மேலே போர்வை போடுகிறது. நகைப் பட்டறையில் பொடி வைக்கும்போது ஆசாரி வெண்காரம் தடவுவதும் இதே காற்றைத் தள்ளி வைக்கத்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். அவ்வளவு காலமாக இரும்போடு பழகிய பகுதியில் இருந்துகொண்டு ராடை ஈரத்தரையில் போட்டு வைக்கிறோம். பூச்சு ஈரம் குடித்தால் வில் துப்பும், பொருத்தில் பொத்தல் விழும்.

ராடில் 6013 என்று அச்சிட்டிருக்கும். 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவை தாங்கும் என்று பொருள். 1 என்றால் எந்த நிலையில் வைத்தும் ஓட்டலாம். கடைசி எண் பூச்சின் வகை. வீட்டுக்கு இதுவே போதும். கலப்பைக் கொழு மட்டும் வேறு கதை. கார்பன் கூடிய எஃகு என்பதால், பொருத்துக்குள் புகும் ஹைட்ரஜனால் ஆறிய பிறகு விரிசல் விடும். அதற்கு 7018 ராடை நன்றாகக் காயவைத்து, கொழுவையும் முன்கூட்டிச் சூடாக்கிப் பத்தவைக்க வேண்டும். அதைப் பட்டறைக்கே கொடுத்துவிடு என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

மிக், டிக் என்ற வேறு இரண்டு வெல்டிங் வகைகளைப் பற்றியும் கேட்டான். மிக் மெஷினில் கம்பி தானாக வரும், மெல்லிய தகட்டுக்கு அருமை. ஆனால் வாயு சிலிண்டர் வேண்டும், திறந்தவெளிக் காற்று அந்த வாயுக் குடையைத் தள்ளிவிடும். டிக் அழகான பொருத்து தரும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் ஏற்றது, ஆனால் பழக நாளாகும். ஆட்டுக் கொட்டகைக்கு இரண்டும் வேண்டாம்.

மெஷினுக்கு வைத்த பணத்தில் கொஞ்சத்தை முகமூடிக்கு ஒதுக்கச் சொன்னேன். வில்லிலிருந்து வரும் புறஊதாக் கதிர் அப்போது வலிக்காது. ராத்திரி படுத்த பிறகு கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல எரியும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதேதான். ஜி.ஐ. பைப்பை வெல்டு செய்வதானால் துத்தநாகப் பூச்சை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் வரும்.

கடைசியில் 200 ஆம்ப் இன்வெர்ட்டர்தான் வாங்கினான், ராடு எளிதில் பற்றிக்கொள்ள உதவும் ஹாட் ஸ்டார்ட் வசதியோடு. இரண்டு நாள் கழித்து போன். "அண்ணா, பைப்புல பெரிய ஓட்டை விழுந்துடுச்சு." எவ்வளவில் வைத்திருக்கிறாய் என்றால், 110. அறுபதுக்கு இறக்கி, ராடைப் பிடிக்கும் ஹோல்டரின் வயரை மெஷினின் மைனஸில் மாட்டச் சொன்னேன். கதவு இப்போது நிற்கிறது. கிடா ஒருமுறை முட்டிப் பார்த்தும் விட்டது. பொருத்து தாங்கியது, கீல்தான் வளைந்தது.