அந்த மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து தலையில் முடியும் முளைத்துவிடும். இரண்டாம் வருடமே "இனி எதுக்கு மாத்திரை, மேலுவலிதான் மிச்சம்" என்று, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் டாமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சில வருடம் கழித்து முதுகு வலிக்கும். அப்போதும் எங்களிடம் வராமல் வர்ம ஆசானிடம் தடவப் போகிறார்கள். புற்றுநோய் பரவி அரித்த முதுகெலும்பை எண்ணெய் போட்டு அமுக்கினால் நொறுங்கிவிடும். தண்டுவடம் நசுங்கி, கால் விழுந்தபின் ஆம்புலன்ஸில் கொண்டுவருகிறார்கள். மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், எங்கிருந்து வந்தாலும் இதே கதைதான். சலித்துவிட்டது.

பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் என்று இரண்டு வரி இருக்கும். கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள் உட்காரும் இடங்கள் (ஏற்பிகள்) இருக்கின்றனவா என்று சொல்பவை அவை. ஈஆர் 1 சதவீதச் செல்களில் தெரிந்தாலே பாசிட்டிவ்தான். 10 வரை இருந்தால் 'லோ பாசிட்டிவ்', அதைத் தனியாகப் பேச வேண்டும். சக சர்ஜன்களுக்கு ஒரு வார்த்தை: கட்டியைச் சலைன் பாட்டிலில் போட்டு பஸ்ஸில் நாகர்கோவில் லேபுக்கு அனுப்பாதீர்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப்போல் பத்து மடங்கு அளவில் போட வேண்டும். அதில் 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். கெட்டுப்போன திசுவில் ஈஆர் பொய்யாக நெகட்டிவ் காட்டும். அந்தப் பெண்ணுக்கு இந்த மாத்திரையே கிடைக்காமல் போகும்.

இனி, என்னை மிகவும் எரிச்சலூட்டும் கேள்வி: "ஹார்மோனாலதான் வந்த நோயின்னு சொல்லிட்டு, ஹார்மோன் மாத்திரை தாறீங்களே?" அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் ஒரு துளியும் இல்லை. கருத்தடை மாத்திரையும் இல்லை, தைராய்டு மாத்திரையும் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தை டாமாக்சிஃபென் பிடித்துக்கொள்கிறது. லெட்ரோசோலின் வேலை வேறு. ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே அது தடுக்கிறது. "அறுபது வயசுல அது எங்க இருக்கு?" என்பார்கள். மாதவிடாய் நின்றபிறகும் கொழுப்புத் திசு அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். ஒளிந்திருக்கும் செல்கள் பத்து, பதினைந்து வருடம் கழித்தும் விழித்துக்கொள்ளும் ரகம் இது. அதனால்தான் குறைந்தது 5 வருடம், சிலருக்கு 10. கீமோ போட்டாயிற்றே என்பது இதற்குப் பதிலாகாது.

டாமாக்சிஃபென் 20 மில்லிகிராம், லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், எதுவானாலும் தினமும் ஒன்று, ஒரே நேரத்தில். மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுத்தவர்கள் இதற்காக அங்கே போக வேண்டியதில்லை; சீட்டைக் காட்டி ஊரிலேயே வாங்கலாம்.

லெட்ரோசோலில் முட்டுவலி, விரல் விறைப்பு வரும். அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்கக் குந்தியிருப்பவர்களுக்கு இது பெரிய துன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்களாக நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள், தாயே! வேறு மாத்திரைக்கு மாற்றலாம். தினமும் நடந்தால் வலி குறையும். தொடங்கும்போதே எலும்பு அடர்த்தி பார்த்து, கால்சியமும் வைட்டமின் டியும் தேவைக்குத் தருவோம்.

கீமோவில் மாதவிடாய் நின்ற 42 வயதுக்காரருக்கு லெட்ரோசோல் மட்டும் எழுதிய சீட்டுகளைப் பார்த்தால் கோபம் வருகிறது. அது நிரந்தரமாக நின்றதாகாது. சினைப்பை மறுபடி விழித்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கலாம்; லெட்ரோசோல் மட்டும் அதைத் தடுக்காது. சினைப்பையை அடக்க ஊசியும் சேர்த்துப் போட வேண்டும்.

டாமாக்சிஃபென் எடுக்கும்போது கர்ப்பம் கூடாது. காப்பர் டி போதும், ஹார்மோன் கருத்தடை வேண்டாம். குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரையை எப்போது, எவ்வளவு காலம் இடைநிறுத்தலாம் என்று திட்டமிடலாம். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றே வாருங்கள். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் எடுப்பவர்கள் அந்தச் சீட்டையும் கொண்டுவாருங்கள்; அவை டாமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடியவை, மாற்று மருந்து இருக்கிறது.